உலகம் அழியவில்லை!

1533-ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள். ஜெர்மானிய மண்ணில், சாக்சனி நாட்டில், லொக்காவ் என்னும் சிற்றூர். அன்று அந்த ஊரில் ஏர் ஓடவில்லை, தொழில் நடக்கவில்லை. வெளியூர்களிலிருந்தும் மக்கள் வந்து குவிந்திருந்தனர். 'நாளை' என்பதே இல்லை என்றான பிறகு சேமிப்பு எதற்கு என்று கைப்பொருளைக் கரைத்துவிட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். காலை மணி எட்டு அடித்ததும் வானம் பிளக்கும், வையகம் மாயும், ஆண்டவனின் தீர்ப்பு நாள் பிறக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னவர் ஊர்ப் பாதிரியார். வெறும் வாய்ச்சொல்லாகவும் சொல்லவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னார்!

மணி எட்டு ஆயிற்று. வானம் பிளக்கவில்லை. எட்டுக்குப் பின் ஒன்பது வந்தது. ஒன்பதுக்குப் பின் பத்து வந்தது. கதிரவன் வழக்கம்போல் மேலேறினான். அழிந்தது உலகமன்று, ஏழைகளின் கையிருப்பும், பாதிரியாரின் பெயரும்தான் அழிந்தன. அரசின் ஆட்கள் வந்து அவரைக் கைது செய்தனர். பதவியும் பறிபோயிற்று.

நாள் குறித்து நாணமுற்ற அந்தப் பாதிரியாரின் பெயர் மைக்கேல் ஸ்டீபல். எள்ளி நகையாடுவதற்காக நாம் அவரை இங்கே அழைத்து வரவில்லை. பள்ளியிலே நம் பிள்ளைகள் ஓர் எண்ணின் தோள்மீது சிறியதோர் எண்ணை ஏற்றி எழுதுகிறார்களே, அடுக்கு என்றும் அடுக்குக்குறி என்றும் படிக்கிறார்களே, அந்தச் சிற்றெண்ணுக்கு ஐரோப்பியக் கணக்கு நூலில் பெயர் சூட்டியவர் இதே ஸ்டீபல்தான்! லொக்காவில் தோற்றுப் பதினோராண்டு கழித்து, 1544-இல் அவர் அதைச் செய்தார்.

ஒரே மனிதர். அவர் கையில் இருந்தவை அதே எண்கள். முதல் முறை அந்த எண்கள் ஓர் ஊரையே ஏமாற்றின. இரண்டாம் முறை உலகத்துக்கே ஒளி தந்தன. எதனால் இந்த வேறுபாடு? இதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விடையை முன்வைத்துப் போட்ட கணக்கு

ஸ்டீபல் எசுலிங்கன் நகரிலே பிறந்தவர். அகஸ்டின் மடத்துத் துறவியாக இருந்து, 1511-இல் குருப்பட்டம் பெற்றவர். 1517-இல் மார்ட்டின் லூதர் போப்பாண்டவரின் பாவமன்னிப்புச் சீட்டு வணிகத்தை எதிர்த்துக் குரல் எழுப்பினார். அந்தக் குரலால் ஈர்க்கப்பட்டு, மடத்தைத் துறந்து, லூதரின் பக்கம் சேர்ந்தவர் ஸ்டீபல். ஆதிக்கத்தை எதிர்த்த நெஞ்சு அது, ஐயமில்லை. ஆனால் மடத்தை விட்டு வெளியேறுவது எளிது. மடம் ஊட்டிய மனப்பான்மையை விட்டு வெளியேறுவதுதான் கடினம்.

விவிலியத்தின் இறுதி நூலிலே ஒரு கொடிய விலங்கு பேசப்படுகிறது. அதன் எண் 666 என்று சொல்லப்படுகிறது. அந்த விலங்கு யார்? போப்பாண்டவர் பத்தாம் லியோதான் என்று காட்ட விரும்பினார் ஸ்டீபல். லத்தீன் மொழியிலே அவர் பெயரை 'லெயோ தெசிமுஸ்' என்று எழுதுவர். உரோமானியர் சில எழுத்துகளையே எண்களாகவும் வழங்கினர் அல்லவா? அந்தப் பெயரில் அவ்வகை எழுத்துகள் ஆறு உள்ளன. எம் 1000, டி 500, சி 100, எல் 50, வி 5, ஐ 1. கூட்டினால் 1656. வேண்டிய விடையோ 666!

என்ன செய்தார் ஸ்டீபல்? எம் என்பது 'மறைபொருள்' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லின் முதலெழுத்து. ஆகவே அதைத் தள்ளிவிடலாம் என்றார். ஆயிரம் போயிற்று, 656 எஞ்சிற்று. இன்னும் பத்து குறைகிறதே? லியோ பத்தாமவர் அல்லவா, எனவே ஒரு பத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். சேர்த்தார். 666 வந்துவிட்டது!

வெட்டிய ஆயிரத்துக்கு விளக்கம் உண்டு. ஒட்டிய பத்துக்கும் விளக்கம் உண்டு. இல்லாதது நேர்மை ஒன்றுதான். விடையை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அதை நோக்கி எண்களைத் தலையில் குட்டி இழுத்துச் சென்றால், எந்த எண்தான் வந்து சேராது? இந்த வழியிலே யாரையும் விலங்காக்கலாம், யாரையும் தெய்வமாக்கலாம். ஆக்கியும் காட்டினார்கள். அதே நூற்றாண்டில் கத்தோலிக்கத் தரப்பைச் சேர்ந்த பீட்ரஸ் புங்கஸ் என்பார் லூதரின் பெயரிலிருந்தே 666 எடுத்துக் காட்டிவிட்டார்! இருவர் வாளும் ஒரே பட்டறையில் வடித்தவை. வெட்டுப்பட்டது அறிவு.

தொலைநாட்டுப் பழங்கதை என்று இதைத் தள்ளிவிட நமக்கு உரிமை உண்டா? பெயரிலே ஓர் எழுத்தைக் கூட்டினால் செல்வம் கொழிக்கும், ஓர் எழுத்தைக் குறைத்தால் பதவி வரும் என்று எண் சாத்திரம் சொல்லிக் காசு பறிப்போர் நம் வீதிகளிலே கடை விரித்திருக்கிறார்களே! ஸ்டீபலாவது கட்டணம் கேட்கவில்லை.

இந்தக் கணக்கு வெறிதான் முற்றி, உலகத்தின் இறுதி நாளையே குறிக்கத் தூண்டிற்று. 1532-இல் தம் பெயரைக் குறிப்பிடாமல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மறு ஆண்டு நாளும் நாழிகையும் சொன்னார். வேண்டாம் என்று லூதரே தடுத்தும் கேட்கவில்லை. முடிவை மேலே கண்டோம். லூதரும் மெலாங்க்தனும் பரிந்து பேசியதால் தண்டனையின் கடுமை தணிந்தது. 1535-இல் ஹோல்ஸ்டார்ப் என்னும் ஊரில் மீண்டும் ஒரு சிறு பொறுப்பு கிடைத்தது.

இரண்டு வரிசைகள்

அடிபட்ட மனிதர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். 'நாள்தான் தவறிற்று, கொள்கை தவறவில்லை' என்று புதிய நாள் குறிப்பது ஒரு வழி. எங்கே தவறினோம் என்று தேடிப் பார்ப்பது மற்றொரு வழி. ஸ்டீபல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, முறையாகக் கணிதம் பயின்றார். எண்ணை ஏவல் கொள்வதை நிறுத்தி, எண்ணிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். அந்தப் பயிற்சியின் பயன்தான் 1544-இல் நூரெம்பர்க் நகரில் அச்சான 'அரித்மெடிக்கா இன்டெக்ரா' என்னும் பெருநூல்.

அந்த நூலிலே இரண்டு வரிசைகள் வருகின்றன. மேல் வரிசையில் 0, 1, 2, 3, 4, 5, 6 என்று ஒவ்வொன்றாய் ஏறும் எண்கள். கீழ் வரிசையில் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டிப்பாய் ஏறும் எண்கள். மேலே 5 இருக்குமிடத்தில் கீழே 32 இருக்கிறது. 2-ஐ ஐந்து முறை எழுதிப் பெருக்கினால் 32 என்பதை அந்த 5 எடுத்துரைக்கிறது. 'எடுத்துரைப்பது' என்னும் பொருள்படும் லத்தீன் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார் ஸ்டீபல். நாம் அதைத்தான் அடுக்கு என்கிறோம்; கீழே நின்று சுமக்கும் 2-ஐ அடிமானம் என்கிறோம்.

இவ்வளவுதானா? இல்லை. கீழ் வரிசையில் 4-ஐயும் 8-ஐயும் பெருக்கிப் பாருங்கள், 32. அவற்றின் தலைக்கு மேல் நிற்கும் 2-ஐயும் 3-ஐயும் கூட்டிப் பாருங்கள்; 5. அந்த 5-க்குக் கீழே நிற்பது அதே 32! கீழே பெருக்கினால் மேலே கூடுகிறது. கீழே வகுத்தால் மேலே கழிகிறது. பெரும்பாடுபட்டுச் செய்ய வேண்டிய பெருக்கலை எளிய கூட்டலாக மாற்றிக் கொடுக்கும் வாயில் அங்கே திறந்துகொண்டது.

அடுத்து ஒரு கேள்வி. மேல் வரிசையில் 0 இருக்குமிடத்தில் கீழே 1 ஏன்? 2-ஐ ஒரு முறைகூட எழுதாவிட்டால் சுழிதானே வரவேண்டும்? வகுப்பறையிலே எத்தனையோ மாணவர்கள் இந்த இடத்தில் திகைக்கிறார்கள். 'அது விதி, மனப்பாடம் செய்' என்று சொல்லி வாயடைக்கப்படுகிறார்கள். மதவாதி சொல்வதும் இதைத்தானே! கணிதத்திலே அப்படி ஒரு வேதவாக்கு கிடையாது. வலமிருந்து இடமாக வந்து பாருங்கள். 16, அதில் பாதி 8, அதில் பாதி 4, அதில் பாதி 2. மேலே 4, 3, 2, 1 என ஒவ்வொன்றாய்க் குறைகிறது. இன்னும் ஓரடி இடப்புறம் வையுங்கள். மேலே 0, கீழே 2-இல் பாதியாகிய 1! யாருடைய ஆணையும் அதை அங்கே வைக்கவில்லை. நடையின் ஒழுங்கு வைத்தது.

ஸ்டீபல் அங்கேயும் நிற்கவில்லை. சுழிக்கும் கீழே இறங்கினார். மேல் வரிசையில் −1, −2, −3 என எழுதினார். கீழ் வரிசையில் 1/2, 1/4, 1/8 என எழுதினார். −3-ஐயும் 6-ஐயும் கூட்டினால் 3. அவற்றின் கீழுள்ள 1/8-ஐயும் 64-ஐயும் பெருக்கினால் 8. அந்த 8 நிற்பது 3-க்குக் கீழே! சுழிக்கு அப்பாலும் அதே சட்டம், அதே நீதி. வலப்புறத்துக்கு ஒரு நீதி, இடப்புறத்துக்கு ஒரு நீதி என்னும் மனுவின் முறை எண்களின் உலகத்தில் இல்லை.

நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியிலே எண்சுவடி கையிலேந்தி, அரை, கால், அரைக்கால், மாகாணி என்று ஓதினார்கள். 1/2, 1/4, 1/8, 1/16. ஸ்டீபலின் இடப்புற வரிசைக்கு நம் மொழியிலே பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. நாங்கள்தாம் முதலில் கண்டோம் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெயர் இருந்தது, அந்தப் பெயர்களின் தலைமேல் ஒரு வரிசை எண்ணை ஏற்றி, அவற்றைப் பிணைக்கும் சட்டம் எது என்று கேட்கும் பழக்கம் வளரவில்லை. ஓதுவதே கல்வியாக இருந்தது. அந்தத் திண்ணையும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. கேட்பதற்குரிய வாய்களில் பெரும்பாலானவை வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தன.

மண்ணை எண்ணியவரும் மறைந்து கிடந்தவரும்

அடுக்கின் வரலாறு ஸ்டீபலோடு தொடங்கவில்லை. கி. மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே, சிரக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் அந்தச் சட்டத்தைத் தொட்டுவிட்டார். கடற்கரை மணலை எண்ண முடியாது என்று உலகம் சொல்லிற்று. முடியும் என்றார் அவர். கெலோன் மன்னனுக்கு எழுதிய சிறு நூலில், அண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் அந்த மணலின் எண்ணிக்கை 1-க்குப் பின் 63 சுழிகள் கொண்ட எண்ணுக்குள் அடங்கிவிடும் என்று காட்டினார். அதற்காகப் பத்தின் அடுக்குகளைப் படிப்படியாக வகுத்தார். பெருக்கும்போது அடுக்குகள் கூடும் என்பதையும் குறிப்பிட்டார். 'எண்ணற்கரியது' என்னும் சொல்லின் முன் மண்டியிட மறுத்த மனம் அது.

பிரெஞ்சு நாட்டில் நிக்கோலா ஷூகே என்பவர் 1484-இல், எண்ணின் வலத்தோளில் சிற்றெண் ஏற்றும் முறையையே கையாண்டுவிட்டார். சுழியையும் எதிர்ம எண்ணையுங்கூட அடுக்காக எழுதினார். ஆனால் அவருடைய ஏடு அச்சேறவில்லை. 1880-இல்தான் வெளியாயிற்று. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு உறக்கம்! ஏட்டிலே பூட்டி வைத்த அறிவு எவர்க்கும் உதவாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அக்காலத்துக் கணக்கர்கள் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒவ்வொரு பெயரும், ஒவ்வொரு குறியும் வைத்திருந்தனர். இரண்டாம் அடுக்குக்கு ஒன்று. மூன்றாம் அடுக்குக்கு வேறொன்று. எட்டாம் அடுக்குக்கு வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் எழுதிய பெயரைக் கேளுங்கள்: 'சென்சிசென்சிசென்சிக்'! மந்திரம் ஓதுவதுபோல் இருக்கிறதல்லவா? பொருள் என்னவோ எளியதுதான். இருமடியின் இருமடியின் இருமடி. ஆனால் பெயரின் பெருமுழக்கத்தில் பொருள் புதைந்து போகிறது. மந்திரங்களின் கதையெல்லாம் இதுதான்.

1637-இல் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த் தம் வடிவியல் நூலில், எழுத்தின் தோளில் சிற்றெண்ணை ஏற்றி எழுதினார். அந்த முறையே நிலைபெற்றது. 'சென்சிசென்சிசென்சிக்' என்ற முழக்கம் போய், 8 என்ற ஒற்றை எண் வந்து அமர்ந்தது. குருமார்களுக்கு மட்டும் விளங்கிய குறிகள் போயின. எண்ணத் தெரிந்த எவரும் படிக்கும் எழுத்து வந்தது. பின்னர் 1656-இல் வாலிசும், 1676-இல் நியூட்டனும் எதிர்ம எண்களையும் பின்னங்களையும் அடுக்காகக் கொண்டு இந்த எழுத்தை நிறைவாக்கினர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரெக்கார்டு எழுதியது ஆங்கிலத்தில். தெக்கார்த் அந்நூலை எழுதியது பிரெஞ்சில். ஸ்டீபலும் லத்தீன் நூல் வெளியான மறு ஆண்டே, 1545-இல், ஜெர்மன் மொழியிலே ஒரு கணக்கு நூல் வெளியிட்டார். வீட்டுக் கணக்கையும் அதில் சேர்த்தார். லத்தீன்தான் அறிவின் மொழி, தேவமொழி என்று குருமார் அரண் கட்டியிருந்த காலம் அது. தாய்மொழியில் கணக்குச் சொன்னவர்கள் அந்த அரணில் ஓட்டை போட்டார்கள். உள்ளே நுழைந்தவர்கள் வணிகரும் கைவினைஞரும் உழவரும். அப்படி நுழைந்த ஓர் உழவரை நாம் சற்று நேரத்தில் சந்திக்கப் போகிறோம்.

வானத்துக்குப் போன அடுக்கு

ஸ்டீபலின் இரண்டு வரிசைகளில் ஒளிந்திருந்த ஆற்றலை முழுவதும் வெளிக்கொண்டு வந்தவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர். 1614-இல் மடக்கை அட்டவணையை அவர் வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாக்கும் அந்த அட்டவணை, கோள்களின் கணக்கில் கண்பூத்துக் கிடந்தவர்களுக்குக் கைத்துணை ஆயிற்று. இந்த நேப்பியரும் 1593-இல் விவிலியத்தின் இறுதி நூலுக்கு விளக்கம் எழுதி, 1688-க்கும் 1700-க்கும் இடையில் உலகம் முடியும் என்று கணித்தவர்! அந்த ஆண்டுகளும் வந்தன, போயின. கணிப்பு குப்பைக்குப் போயிற்று. மடக்கை மட்டும் நிலைத்தது. காலம் என்னும் நடுவர் பெரிய மனிதர் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை.

1619-இல் கெப்ளர் தம் மூன்றாம் விதியை வெளியிட்டார். கோள் ஒன்று கதிரவனைச் சுற்றும் காலத்தை இரண்டாம் அடுக்குக்கு உயர்த்துங்கள். அதன் சராசரித் தொலைவை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்துங்கள். எல்லாக் கோள்களுக்கும் இரண்டும் ஒரே விகிதத்தில் அமையும். வியாழனைச் சோதிப்போம். அதன் தொலைவு பூமியின் தொலைவைப்போல் 5.2 மடங்கு. சுற்றும் காலம் 11.86 ஆண்டு. 5.2-இன் மூன்றாம் அடுக்கும் 11.86-இன் இரண்டாம் அடுக்கும் ஏறத்தாழ 140.6 என்றே வருகின்றன. வியாழனைக் குருபகவான் என்று தொழுது, அது பெயரும் நாளில் பரிகாரம் செய்வோர், இந்த ஒரு பெருக்கலைச் செய்து பார்த்திருப்பார்களா? கெப்ளரின் தாயாரைச் சூனியக்காரி என்று குற்றம் சாட்டி, 1620-இல் சிறையிலும் தள்ளினார்கள். வானத்தின் சட்டத்தை மகன் கண்டுகொண்டிருந்த நாட்களில், மண்ணிலே இருள் அவர் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது.

கெப்ளரின் விதிக்குக் காரணம் சொன்னது நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூல். ஈர்ப்பு விசை தொலைவின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. தொலைவு இரட்டித்தால் விசை கால். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இதை அடுக்கில் எழுதினால் −2. சுழிக்கு இடப்புறம் ஸ்டீபல் இறங்கி நடந்தாரே, அந்தப் பக்கத்து எண்தான் கோள்களையெல்லாம் கட்டி வைத்திருக்கும் கயிற்றின் அளவு!

அந்த நூலைத் தம் செலவிலே அச்சிட்டுத் தந்தவர் எட்மண்டு ஹாலி. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய வால்விண்மீன்களின் பாதைகளை அவர் ஒப்பிட்டார். மூன்றும் ஒன்றே என்றார். 1705-இல் தம் முடிவை வெளியிட்டு, 1758-இல் அது மீண்டும் வரும் என்று எழுதினார். 76 ஆண்டுக்கு ஒரு சுற்று என்றால், 76-இன் இரண்டாம் அடுக்கு 5,776. எந்த எண்ணின் மூன்றாம் அடுக்கு இதை ஒட்டி வரும்? 18. ஆகவே பூமியின் தொலைவைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு சராசரித் தொலைவில் அது சுற்றுகிறது. வால்விண்மீன் என்றால் மன்னர் மடிவர், கொள்ளைநோய் வரும் என்று நடுங்கிய உலகத்துக்கு, வருகை நாள் எழுதிய கால அட்டவணை வந்துவிட்டது!

இரண்டு முன்னறிவிப்புகள்

ஹாலி 1742-இல் மறைந்தார். குறித்த ஆண்டு நெருங்கியபோது பாரிசில் கிளெரோ, லலாந்து என்னும் அறிஞர் இருவரும், நிக்கோல் ரேன் லெபோட் என்னும் அம்மையாரும் உட்கார்ந்து, வியாழனும் சனியும் அந்த விண்மீனை எவ்வளவு இழுத்துத் தாமதப்படுத்தும் என்று மாதக்கணக்காகக் கணக்கிட்டனர். 1758 நவம்பரில் முடிவை அறிவித்தார் கிளெரோ. 1759 ஏப்ரல் நடுவில் கதிரவனுக்கு மிக அருகில் வரும். கணக்கில் ஒரு மாதம் முன்பின் இருக்கலாம் என்றார். லெபோட் அம்மையாரின் உழைப்பை லலாந்து போற்றி எழுதினார். கிளெரோவின் நூலிலோ அவருக்குரிய இடம் கிடைக்கவில்லை. பெண்ணின் உழைப்பை மறைக்கும் பழக்கம் அறிஞர் மன்றத்தையும் விட்டுவைக்கவில்லை.

1758 டிசம்பர் 25. ட்ரெஸ்டன் நகருக்கு அருகில் புரோலிஸ் என்னும் சிற்றூர். யோகான் கியோர்க் பாலிட்ச் என்னும் உழவர், தாமே முயன்று வானியல் கற்றவர், தொலைநோக்கியில் அந்த விண்மீனைக் கண்டார். மீண்டு வந்த அதை உலகிலேயே முதலில் கண்ட கண்கள் ஓர் உழவனுடைய கண்கள்! 1759 மார்ச் 13-இல் அது கதிரவனுக்கு மிக அருகில் வந்தது. கிளெரோ சொன்ன ஒரு மாதப் பிசகு ஏறத்தாழ அப்படியே இருந்தது.

புரோலிஸ் இருப்பது எந்த நாட்டில்? அதே சாக்சனியில்! 1533-இல் பாதிரியாரின் சொல்லை நம்பிச் சாக்சனி மக்கள் வானத்தைப் பார்த்து நடுங்கி நின்றனர். 225 ஆண்டுக்குப் பின், அதே நாட்டு உழவர் ஒருவர் கணக்கை நம்பி வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார். முன்னவர்களுக்கு எதுவும் வரவில்லை. பின்னவருக்கு வந்தது. லொக்காவில் நாள் குறிப்பதற்கு ஈராண்டு முன், 1531-இல் வானத்தில் போனதே, அதே விண்மீன்தான் வந்தது!

இரண்டுமே முன்னறிவிப்புகள்தாம்; இரண்டிலும் எண்கள் இருந்தன. முதலாவது, முடிவை நெஞ்சில் வைத்துக்கொண்டு எண்களை வளைத்தது, எழுத்தை வெட்டிற்று, ஒட்டிற்று, 'தவறினால்?' என்ற கேள்விக்கே இடம் தரவில்லை. இரண்டாவது, கண்டவற்றிலிருந்து தொடங்கிற்று; யாரும் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்று வழியைத் திறந்து வைத்தது; தன் பிசகு எவ்வளவு இருக்கலாம் என்பதைத் தானே சொல்லிற்று. தன் பிழையின் அளவைத் தானே அறிவிக்கும் துணிவு எந்த ஆரூடக்காரனுக்கு உண்டு? எந்தப் பஞ்சாங்கத்தில் உண்டு?

நம் வீட்டுக் கணக்கு

இந்த அடுக்கை நம் வீட்டுக்குள் கொண்டு வருவோம். ஒருவனுக்குத் தாய் தந்தை இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்களைப் பெற்றவர்கள் எண்மர். தலைமுறைக்குத் தலைமுறை இரண்டின் அடுக்கு. 10 தலைமுறைக்கு முன் 1,024 இடங்கள். 20 தலைமுறைக்கு முன் 10,48,576 இடங்கள். 30 தலைமுறைக்கு முன் 107,37,41,824 இடங்கள்! தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் இது 750 ஆண்டுக் கணக்கு. அன்று உலக மக்கள்தொகையே 50 கோடியை எட்டவில்லை. அப்படியானால் ஒரே மனிதர் பல கிளைகளில் மீண்டும் மீண்டும் வந்தாக வேண்டும்; நம் ஒவ்வொருவரின் வேர்களும் மற்றவர் வேர்களோடு பின்னிக் கிடந்தாக வேண்டும்.

இந்த நூற்றுச் சொச்சம் கோடி இடங்களில் ஒரே ஓர் இடத்தில் அமர்ந்தவரைச் சுட்டி, 'நாங்கள் இந்த முனிவரின் வழித்தோன்றல்கள்; ஆகவே உயர்ந்தோர்' என்று ஒரு கூட்டம் சொல்லுமானால், மற்ற இடங்களில் அமர்ந்தவர் யார் யார் என்று நாம் கேட்க மாட்டோமா? கோத்திரம் ஒரு கோட்டைத்தான் காட்டுகிறது. கணக்கு மரம் முழுவதையும் காட்டுகிறது. மரத்தைப் பார்த்தவன் கோட்டைக் காட்டி மிரட்டுபவனுக்கு அஞ்சமாட்டான்.

1962 பிப்ரவரியில் எட்டுக் கோள்கள் மகர இராசியில் கூடுவதால் உலகம் அழியும் என்று இந்தியாவெங்கும் பீதி கிளப்பப்பட்டது. வேள்விகள் வளர்ந்தன, நெய் நெருப்பில் கொட்டப்பட்டது. லொக்காவ் ஊரிலே நடந்ததுதான், 429 ஆண்டு கழித்து, இங்கே பெரிய அளவில் நடந்தது. உலகம் அழியவில்லை. 2012 டிசம்பரிலும் நாள் குறித்தார்கள். உலகம் அழியவில்லை. நாளையும் எவரோ குறிப்பார்கள்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ஸ்டீபல் முழுமையாகத் திருந்திவிடவில்லை. 1553-இல், முதுமையில், மீண்டும் எழுத்துகளை எண்ணாக்கும் பழைய விளையாட்டைப் பற்றி நூல் எழுதினார். 1567-இல் யேனா நகரில் மறைந்தார். ஒரே தலைக்குள் ஒளியும் இருளும் ஒருங்கே குடியிருந்தன. ஆகவேதான் எவரையும் தொழ வேண்டாம் என்கிறோம். அவர் எழுதிய இரண்டு வரிசைகளைச் சரிபார்த்தோம், சரியாக இருந்தன, ஏற்றோம். அவர் வெட்டி ஒட்டிய 666-ஐயும் சரிபார்த்தோம்; பொய்யாக இருந்தது; தள்ளினோம். அறிஞர் சொன்னார் என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது. பித்தர் ஒருவர் சொன்னார் என்பதற்காக உண்மை பொய்யாகியும் விடாது.

இளைஞர்களே! அடுக்குக்குறி தேர்வுக்கு மட்டும் உரிய பாடமன்று. உங்கள் வீட்டிலே தம்பி தங்கையர் இருப்பின், இன்று மாலை அவர்களை அருகில் அமர்த்தி, இரண்டு வரிசைகளையும் எழுதிக் காட்டுங்கள். சுழிக்குக் கீழே 1 ஏன் வந்தது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 'அது விதி' என்று ஒருவர் சொல்லும்போது 'அந்த விதி எப்படி வந்தது?' என்று கேட்கும் நாக்கு அங்கேதான் பழகுகிறது. கணக்கிலே அப்படிக் கேட்கப் பழகிய பிள்ளை கோயில் வாசலிலும் கேட்கும். சாதிப் பெயர் சொல்லித் தடுக்கும் இடத்திலும் கேட்கும்.

எட்டு மணி எத்தனையோ முறை அடித்துவிட்டது. உலகம் அழியவில்லை. அழிய வேண்டியவை அழியாமல் இருக்கின்றன; அவற்றின் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பு நம்முடையது.